வேலி சொல்லும் செய்தி



இன்றைய உரைக்கு நான் எடுத்துக்கொண்டது மிகச் சிறிய ஒரு சொல். ‘வேலி’ என்பதே அந்தச் சொல். தமிழில் இதற்குப் பல பொருள்கள் உண்டு. பயிரைக் காப்பது வேலி. சோழநாட்டில் நிலத்தை அளந்த அளவுக்கும் வேலி என்றுதான் பெயர். காவல் என்ற பொருளிலும் புலவர்கள் இச்சொல்லை ஆண்டிருக்கிறார்கள். காக்க வேண்டியவனே கெடுக்கும்போது வேலியே பயிரை மேய்ந்தது என்கிறோம். ஆனால் இன்று நான் பேசப்போவது வயல் வேலியைப் பற்றியல்ல. மலை விளிம்பிலும், அருவிக் கரையிலும், ஆற்றோரத்திலும் நம்மை மறித்து நிற்கிறதே, அந்த வேலியைப் பற்றித்தான். சில இடங்களில் அது இரும்புக் கம்பி. சில இடங்களில் கட்டைச் சுவர். வேறு சில இடங்களில் ஒரு கயிறு, அல்லது ‘இதற்கு அப்பால் செல்ல வேண்டாம்’ என்று எழுதிய ஒரு பலகை மட்டுமே.

கேகாலையிலிருந்து புளத்கொகுபிட்டிய வழியாக இறங்கும் பாதை, கரவனெல்லையில் அவிசாவளை - ஹட்டன் பெருவீதியைச் சந்திக்கிறது. விடுமுறைக் காலத்தில் அந்தப் பெருவீதியைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். பஸ்களும் வேன்களும் ஒன்றன்பின் ஒன்றாக மலைநாட்டை நோக்கி ஏறும். சிலர் சிவனொளிபாதமலைக்குப் போவார்கள். சிலர் கித்துல்கலவில் ஆற்றில் இறங்குவார்கள். சிலர் நுவரெலியாவுக்கும் அதற்கு அப்பாலும் போவார்கள். பாட்டும் மேளமுமாகப் போகிற அந்த இளைஞர்களைப் பார்க்கும்போது நமக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருக்கும். நாட்டைப் பார்ப்பது நல்ல காரியம். தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளும் இன்று நாலு பேராகச் சேர்ந்து சுற்றுலா போகிறார்கள். அதையும் நாம் வரவேற்க வேண்டும். ஆனால் போனவர்கள் எல்லோரும் திரும்பி வர வேண்டும் அல்லவா? அதுதான் இந்த உரையின் கவலை.

நேயர்களே, ஹோட்டன் சமவெளியில் ‘உலக முடிவு’ என்ற இடத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் கேள்விப்பட்டாவது இருப்பீர்கள். சமதரையாக வந்த நிலம் அங்கே திடீரென்று முடிந்துவிடுகிறது. கத்தியால் வெட்டியது போன்ற செங்குத்துப் பாறை. அதன் ஆழம் ஏறத்தாழ 870 மீற்றர் என்று சிலரும், நாலாயிரம் அடி என்று சிலரும் எழுதுகிறார்கள். இரண்டில் எது சரியாக இருந்தாலும் விழுகிறவனுக்கு ஒன்றுதான். மேலே நின்று பார்ப்பவர்களுக்கு அடிவாரத்தில் சிறு கோலம் போலத் தெரிவது நமது சப்ரகமுவ மாகாணத்தைச் சேர்ந்த ஒரு தேயிலைத் தோட்டம். காலை ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் மூடுபனி எழுந்து வந்து பள்ளத்தை நிரப்பிவிடும். அப்போது பள்ளமே இல்லாதது போல வெள்ளையாக ஒரு தரை தெரியும். அழகும் ஆபத்தும் ஒரே முகமூடி அணிந்து நிற்கும் நேரம் அது.

2015ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் அங்கே ஒரு சம்பவம் நடந்தது. நெதர்லாந்து நாட்டிலிருந்து புதுமணத் தம்பதியர் இருவர் தேனிலவுக்காக வந்திருந்தனர். கணவன் தன் மனைவியைப் படம் எடுப்பதற்காகப் பின்னால் அடி எடுத்து வைத்தார். காலடியில் நிலம் இல்லை. சுமார் 130 அடி கீழே பாறைச் சரிவில் வளர்ந்திருந்த மரங்களில் போய் விழுந்தார். மரங்கள் அவரைத் தாங்கிக்கொண்டன. இராணுவத்தினர் கயிறு கட்டி இறங்கி, பெரும்பாடுபட்டு அவரை உயிரோடு மேலே கொண்டுவந்தனர். உலக முடிவிலிருந்து விழுந்து உயிர் பிழைத்த முதல் மனிதர் அவர்தான் என்று அப்போது செய்திகள் கூறின.

இந்தச் செய்தியை நாம் இரண்டு விதமாகப் படிக்கலாம். ‘கடவுள் காப்பாற்றினார், நல்ல காலம்’ என்று சொல்லிப் பத்திரிகையை மடித்து வைத்துவிடலாம். அல்லது அந்த ‘முதல்’ என்ற சொல்லில் கொஞ்சம் நிற்கலாம். முதலாவதாகப் பிழைத்தவர் என்றால், அவருக்கு முன்னே விழுந்தவர்களைப் பற்றி அந்தச் சொல் என்ன சொல்கிறது? அவர்களுக்கு மரம் கிடைக்கவில்லை. அவர்களுடைய பெயர்கள் நமக்குத் தெரியாது. ஆனால் அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் உலகெங்கும் மலை விளிம்புகளில் வேலி கட்டப்படுகிறது. ஒவ்வொரு வேலிக்குப் பின்னாலும் யாரோ ஒருவருடைய கதை இருக்கிறது. எழுதப்படாத கதை. அந்தக் கதையின் கடைசி வரிதான் நாம் காணும் கம்பி.

நான் இலக்கியம் பேச வந்தவன். ஆகவே இதை இலக்கியமாகவே பார்க்கிறேன். முன்னே போனவன் பின்னே வருகிறவனுக்கு விட்டுச் செல்லும் சொல்தான் இலக்கியம் என்றால், வேலியும் அப்படி ஒரு சொல்தான். அதைப் படிக்கத் தெரிய வேண்டும்.

இதற்கு நம் மாகாணத்திலேயே மிகப் பழைய சான்று ஒன்று இருக்கிறது. மொரோக்கோ நாட்டுப் பயணியான இப்னு பதூதா 1344ஆம் ஆண்டு இலங்கைக் கரையில் வந்து இறங்கினார். அங்கே ஆரியச்சக்கரவர்த்தி மன்னனைச் சந்தித்தார். பாதமலையைத் தரிசிக்க வேண்டும் என்பது ஒன்றே தமது விருப்பம் என்று கூறினார். மன்னன் அவருக்குப் பல்லக்கும், வழித்துணையாக யோகிகளையும் பிராமணர்களையும், உணவுப்பொருள் சுமக்க ஆட்களையும் கொடுத்து அனுப்பினான். அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட பயண நூலில் அந்த மலையேற்றம் விரிவாக இருக்கிறது. முன்னோர்கள் பாறையில் படி வெட்டி, இரும்புக் கம்பங்களை நட்டு, ஏறுபவர்கள் பிடித்துக்கொள்வதற்காகச் சங்கிலிகளைத் தொங்கவிட்டிருந்தார்களாம். மொத்தம் பத்துச் சங்கிலிகள். பத்தாவது சங்கிலிக்கு மட்டும் தனிப்பெயர் உண்டு. அது கலிமாச் சங்கிலி. அந்த இடத்தில் நின்று கீழே பார்ப்பவன், விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் கலிமாவை மொழிவான் என்பதால் அந்தப் பெயர்.

சற்றே சிந்தித்துப் பாருங்கள். அறுநூற்று எண்பது ஆண்டுகளுக்கு முன்னால் அந்தச் செங்குத்தில் இரும்பைச் சுமந்து ஏறி, பாறையைத் துளைத்துக் கம்பம் நட்டவன் யார்? அவனுடைய மதம் எது? மொழி எது? நமக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சங்கிலியைப் பிடித்துப் பௌத்தரும் ஏறினார்கள், இந்துவும் ஏறினார்கள், இஸ்லாமியரும் ஏறினார்கள். அவன் யாரையும் தடுக்கச் சங்கிலி போடவில்லை. எல்லோரும் போய்ச் சேர வேண்டும் என்றே போட்டான். மலை விளிம்பில் இருக்கும் வேலியும், மலையேறும் பாதையில் இருக்கும் சங்கிலியும் ஒரே தாய் பெற்ற பிள்ளைகள். ஒன்று ‘இங்கே பிடித்துக்கொள்’ என்கிறது. மற்றது ‘இங்கே நின்றுகொள்’ என்கிறது. சங்கிலியைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நாம், வேலியை மட்டும் ஏறிக் குதிக்கிறோம்.

ஏன் குதிக்கிறோம்? இளைஞர்களைக் கேட்டால், ‘அந்தப் பக்கம் நின்றால்தான் படம் நன்றாக வரும்’ என்பார்கள். முன்பு பத்துப் பேர் போனால் ஒரு கமெரா இருக்கும். இன்று பத்துப் பேர் கையிலும் கைத்தொலைபேசி இருக்கிறது. கண் பெட்டிக்குள் போய்விட்டால் கால் அநாதையாகிவிடும். ‘மச்சான், இன்னும் கொஞ்சம் பின்னுக்கு’ என்ற வாசகத்தை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். இன்று உலகில் மிக ஆபத்தான வாசகங்களில் அதுவும் ஒன்று. புதுடில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞான நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2018ஆம் ஆண்டு ஒரு கணக்கை வெளியிட்டார்கள். 2011 ஒக்டோபர் முதல் 2017 நவம்பர் வரை வெளிவந்த உலகச் செய்திகளைத் தொகுத்துப் பார்த்ததில், தம்மைத் தாமே படம் எடுக்கும்போது 137 சம்பவங்களில் 259 பேர் இறந்திருக்கிறார்கள். இவர்களில் மிகப் பலர் நீரில் மூழ்கியவர்கள். அடுத்தது ரயில் போன்ற வாகனங்களில் மோதியவர்கள். அதற்கடுத்தது உயரத்திலிருந்து விழுந்தவர்கள். பெரும்பாலோர் இளைஞர்கள். செய்தியில் வந்தவர்கள் மட்டுமே இந்தக் கணக்கில் இருக்கிறார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

ரயில் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 2024ஆம் ஆண்டு டிசம்பரில், கொழும்புக் கரையோரப் பாதையில் ஓடும் ரயிலின் கதவுக்கு வெளியே சாய்ந்து நின்ற ஒரு சீனப் பெண் மரக்கிளையில் மோதிக் கீழே விழுந்தார். விழுந்த இடம் புதர். சிறு காயங்களோடு தப்பினார். சில வாரங்கள் கழித்து, 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பதுளைப் பகுதியில் ரஷ்ய நாட்டுப் பெண் ஒருவர் அதேபோல ரயிலுக்கு வெளியே சாய்ந்தபோது தலை பாறையில் மோதி இறந்தார். இருவரும் செய்தது ஒரே காரியம். ஒருவருக்குப் புதர், ஒருவருக்குப் பாறை. புதரா பாறையா என்பதை அவர்கள் இருவரும் தீர்மானிக்கவில்லை. கதவுக்கு உள்ளே நிற்பதா வெளியே தொங்குவதா என்பது மட்டுமே அவர்கள் கையில் இருந்தது. மயிரிழையில் தப்பியவர்களின் கதைகளைக் கேட்கும்போது நாம் இதைத்தான் நினைவில் வைக்க வேண்டும். தப்பியது அவர்களுடைய திறமையால் அல்ல.

இனி, நீருக்கு வருவோம். நமது பக்கத்துப் பிள்ளைகளுக்கு மலையை விட ஆற்றிலேதான் ஆபத்து அதிகம். கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் கூடித்தான் களனி கங்கை உருவாகிறது. ஒன்றின் குறுக்கே காசல்ரீயும் நோர்ட்டனும் இருக்கின்றன. மற்றதன் குறுக்கே மவுசாகலையும், கெனியனும், லக்ஷபானவும் இருக்கின்றன. மழை கூடி இந்த நீர்த்தேக்கங்களின் வான்கதவுகள் திறக்கப்படும்போது, கீழே கித்துல்கலவிலும் அதற்கு அப்பாலும் ஆறு மளமளவென்று ஏறும். கீழே குளிப்பவன் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம். மேலே பெய்த மழை அவனுக்குத் தெரியாது. முழங்கால் அளவு நீரில் நின்று சிரித்துக்கொண்டிருக்கும்போதே அது இடுப்பளவாகிவிடும். தண்ணீர் கலங்கி நிறம் மாறுவது, சருகும் சுள்ளியும் மிதந்து வருவது, இரைச்சல் கூடுவது என்று ஆறு முன்கூட்டியே சில அடையாளங்களைக் காட்டும். ஊரார் அதை அறிவார்கள். விருந்தாளி அறியமாட்டான். அதனால்தான் அங்கே பலகை வேண்டியிருக்கிறது.

தமிழகத்துக் குற்றாலத்தை நாம் எல்லோரும் அறிவோம். நம் முன்னோரில் பலர் புறப்பட்டு வந்த திருநெல்வேலிச் சீமைக்குப் பக்கத்து மலை அது. குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் தமிழ் உலகம் முழுவதற்கும் அந்த மலையைச் சொந்தமாக்கினார். அங்கே அருவியில் குளிப்பவர்கள் பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பிகள் போட்டிருக்கிறார்கள். நீர் பெருகினால் குளிப்பதற்குத் தடை விதிப்பார்கள். அப்படிப்பட்ட இடத்திலும் 2024ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் திகதி, பழைய குற்றால அருவியில் எதிர்பாராமல் காட்டாற்று வெள்ளம் பாய்ந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் அலறியடித்து ஓடினார்கள். அநேகர் தப்பினார்கள். பதினேழு வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான். உறவினர்களோடு அருவி பார்க்க வந்த பிள்ளை அவன். அந்த ஒரு நிமிடத்தைக் கண்டவர்கள், ‘இன்று குளிக்கத் தடை’ என்று எழுதிய பலகையைப் பார்த்து இனி முணுமுணுப்பார்களா? அவர்களுக்கு அந்தப் பலகையின் பொருள் தெரியும். நமக்கும் அதே பொருள் தெரிய, நாமும் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்துத்தான் ஆக வேண்டுமா?

சிலர், ‘நாங்கள் மலையிலே பிறந்தவர்கள், எங்களுக்கு மலை தெரியாதா?’ என்று கேட்கலாம். தெரியும். தெரிந்தபடியால்தான் கேட்கிறேன். கொழுந்துக் கூடையைச் சுமந்து சரிவில் இறங்கும் நம் தாய்மாரைக் கவனித்திருக்கிறீர்களா? அடுத்த அடி எங்கே என்று கால் தேடித்தான் வைக்கும். மழைக்குப் பிறகு எந்தக் கானோரம் வழுக்கும், எந்தக் கல் அசையும் என்று அவர்களுக்குத் தெரியும். அட்டையும் சறுக்கலும் நிறைந்த இறப்பர் மலையில் விடியற்காலையில் பால் வெட்டப் போகிறவரும் அப்படித்தான். அவர்கள் மலையைக் காதலிப்பவர்கள் போலப் பேசமாட்டார்கள். ஆனால் மலைக்கு மரியாதை கொடுப்பார்கள். அதே வீட்டுப் பிள்ளை சுற்றுலா போகும்போது அந்த மரியாதையை லயத்திலேயே வைத்துவிட்டுப் போகிறான். அச்சத்தையும் அறிவின் கணக்கில் சேர்த்தவர் வள்ளுவர். பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படுவதைக் கோழைத்தனம் என்று நம் தாய்மார் ஒருபோதும் நினைத்ததில்லை.

மலையின் கோபத்தைப் பற்றிப் புளத்கொகுபிட்டிய மக்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் திகதி அரநாயக்கவில் மலை சரிந்த அதே நாளில், இங்கே களுபஹன தோட்டத்திலும் மண் சரிந்து லயங்களை மூடியது. அந்தத் துயரத்தை விரித்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். இன்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கும்போது, மஞ்சள் என்றும் சிவப்பு என்றும் வானொலியில் கேட்கிறோமே, அதுவும் ஒரு வேலிதான். கண்ணுக்குத் தெரியாத வேலி. சுற்றுலாத் தலத்தில் கயிற்றைத் தாண்டிப் பழகியவன், நாளை வீட்டில் இருக்கும்போது ‘வெளியேறுங்கள்’ என்ற எச்சரிக்கையையும் அலட்சியம் செய்வான். எச்சரிக்கையை மதிப்பது ஒரு பழக்கம். அது ஓரிடத்தில் கெட்டால் எல்லா இடத்திலும் கெடும்.

இவ்வளவும் வேலியைத் தாண்டுகிறவர்களுக்குச் சொன்னது. வேலியைக் கட்டுகிறவர்களுக்கும் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும். இற்றுப்போன கம்பி வேலி இல்லாத விளிம்பைவிட மோசமானது. சாய்ந்து நிற்கலாம் என்று நம்பிக்கை கொடுத்துவிட்டுக் கைவிடும். ஆபத்தே இல்லாத இடங்களில் எல்லாம் ‘தடை, தடை’ என்று எழுதி வைத்தால், உண்மையான ஆபத்து உள்ள இடத்தில் எழுதியதையும் மக்கள் நம்பமாட்டார்கள். ‘உட்செல்லத் தடை’ என்று மட்டும் எழுதாமல், ‘இங்கே பாறை வழுக்கும்’, ‘இங்கே நீர் திடீரென ஏறும்’ என்று காரணத்தையும் எழுதினால் படிப்பவன் நின்று யோசிப்பான். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பலகையில் தமிழ் இருக்க வேண்டும். தமிழ் இந்நாட்டின் அரசகரும மொழிகளில் ஒன்று. இருந்தும் எத்தனை பலகைகளில் தமிழைக் காணோம்! இருக்கும் இடங்களிலும் எழுத்துப் பிழையால் பொருள் மாறிக் கிடப்பதைப் பார்க்கிறோம். கடைப் பெயரில் பிழை இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆபத்தை அறிவிக்கும் பலகையில் பிழை இருந்தால் அது ஓர் உயிரின் விலை. தோட்டத்துப் பிள்ளை ஒருவன் ஆற்றங்கரையில் நின்று, தன் மொழியில் எழுதப்படாத ஓர் எச்சரிக்கையைப் பார்க்கிறான் என்றால், அவனுக்கு அங்கே வேலியே இல்லை என்றுதான் அர்த்தம்.

கடைசியாக ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரை நாம் அநேகமாக மறந்துவிடுகிறோம். உலக முடிவில் கயிறு கட்டி இறங்கினார்களே, அந்தப் படைவீரர்கள். அவர்களுக்கும் வீட்டில் மனைவி மக்கள் இருந்தார்கள். ஆற்றில் யாராவது அள்ளுண்டு போனால், முதலில் குதிப்பவன் கரையோரத்து ஊர் இளைஞன். அவனுக்குச் சம்பளமும் இல்லை, காப்புறுதியும் இல்லை. கூக்குரல் கேட்டது, குதித்தான். அவ்வளவுதான். வேலியைத் தாண்டுகிறவன் ‘என் உயிர், என் இஷ்டம்’ என்று சொல்வது சரியான கணக்கு அல்ல. அவன் தன்னோடு சேர்த்து, முகம் தெரியாத இன்னொருவனின் உயிரையும் அந்தப் பக்கம் தூக்கிக்கொண்டு போகிறான்.

ஆகவே நேயர்களே, அடுத்த விடுமுறைக்கு உங்கள் வீட்டுப் பிள்ளைகள் புறப்படும்போது, பார்சல் கட்டிக் கொடுப்பதோடு இரண்டு வார்த்தையும் கட்டிக் கொடுங்கள். தண்ணீரில் இறங்குமுன் ஊரார் ஒருவரிடம் கேட்கச் சொல்லுங்கள். படம் எடுக்கும்போது நிற்கட்டும், நடக்கும்போது படம் எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். குடித்தவன் கரையிலேயே இருக்கட்டும். கூட்டத்தில் ஒருவன் ‘வேண்டாமடா, திரும்புவோம்’ என்று சொன்னால் அவனைக் கேலி செய்ய வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தக் கூட்டத்தில் மலையை அறிந்தவன் அவன் ஒருவனாகவே இருக்கக்கூடும்.

பாதமலையில் சங்கிலி நட்டவனின் பெயர் நமக்குத் தெரியாமல் போனாலும், அவன் சொன்னது இன்னும் கேட்கிறது. கேட்கிற காது நமக்கு இருக்கட்டும்.